கருப்பைக்குள் துக்கமா, குருதிக் கட்டியா? எண்டோமெற்றியோசிஸுக்கு யாரிடம், எதற்காகப் போவது

ஸ்கேன் ரிப்போட்டில் "நோர்மல்" என்று எழுதி வருகிற நாளில்தான் அனேகமான பெண்கள் வேறு வழி தேடத் தொடங்குகிறார்கள். மாதம் மூன்று நாள் பாயில் சுருண்டு கிடக்கவைக்கும் வலி பொய்யில்லை. ஆனால் கடதாசியில் ஒன்றுமில்லை. நெருக்கடியான கிளினிக்கில் டொக்டரோடு கதைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரம் பார்த்து, களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒருவர் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டுவிட்டு, "மகள், உன்ட கருப்பைக்குள்ள ஒரு துக்கம் அடைஞ்சு கிடக்கு" என்று சொன்னால், அது நெஞ்சில் தைக்கத்தான் செய்யும். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில், அடைந்து கிடக்கும் துக்கம் இல்லாத வீடு எது?

அந்த வாசலில் நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. நோய் உறுதியானவர்கள், சந்தேகம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், மகளுக்காகவோ தங்கச்சிக்காகவோ விசாரித்துத் திரிகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். எங்கள் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். துக்கத்தைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். கட்டியைப் பார்க்க வேறொரு ஆள் வேண்டும். இரண்டையும், நோய்க்கு இப்படி அர்த்தம் சொல்கிறவர் ஒருவரிடமே ஒப்படைக்கும்போதுதான் வருடங்கள் தொலைகின்றன.

உடலுக்குள் நடப்பது

கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதுதான் எண்டோமெற்றியோசிஸ். சூலகத்தில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், குடலில், சிறுநீர்ப்பையில் எல்லாம் அது ஒட்டும். ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் அதற்குத் தீனி. மாதச் சுழற்சியோடு வீங்கும், கசியும், சுற்றியுள்ள இடம் அழலும், பிறகு தழும்பு விழுந்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேருக்கு ஒருவர், உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அறிகுறி தொடங்கி நோயின் பெயர் தெரியவர 4 முதல் 12 வருடம் பிடிக்கிறது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது.

சூலகத்துக்குள் இந்த இழையம் போனால், மாதாமாதம் கசியும் குருதி வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி, பழசாகி, தடித்து, பாணிபோல மண்ணிறமாகிறது. ஒப்பரேஷனில் திறந்தால் அப்படியே வழியும். சொக்லேற் கட்டி என்ற பெயர் அதனால் வந்தது. ஸ்கேன் திரையில் அது தேய்த்த கண்ணாடிபோல மங்கலாக, ஒரே சீராகத் தெரியும். "அழாமல் விட்ட கண்ணீர் உள்ளே கெட்டியாகிவிட்டது" என்று ஒருவர் விளக்கும்போது அது அச்சொட்டாகப் பொருந்துவதுபோலத் தோன்றுவதும் இந்தத் தோற்றத்தால்தான். ஆனால் உவமை பொருந்தியதால் காரணம் நிரூபணமாகிவிடாது. கட்டிக்கு நீள அகலம் உண்டு, மில்லிமீற்றரில் அளந்து எழுதுகிறார்கள். யார் எந்த வைத்தியம் செய்தாலும் ஆறு மாதம் கழித்து அந்த அளவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வலியின் கடுமையும் நோயின் பரப்பும் ஒத்துப்போவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நாலாம் கட்ட நோயோடு பெரிய வலி இல்லாமல் இருந்து, பிள்ளை தங்கவில்லை என்று பரிசோதிக்கப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் உண்டு. ஸ்கேனில் அகப்படாத சிறு புள்ளிகளோடு வாந்தி எடுத்து மயங்கி விழுகிறவர்களும் உண்டு. ஆகவே "நோர்மல்" ரிப்போட்டுக்கு, ஸ்கேனுக்குத் தெரிகிற கட்டி இல்லை என்பதற்கு மேல் அர்த்தமில்லை. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஸ்கேனும் எம்ஆர்ஐயும் சுத்தமாக வந்தாலும் நோய் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது, அறிகுறியை வைத்தே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம். இந்த நோயைக் கண்டுபிடிக்க சிஏ 125 இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது.

கலியாணமாகாத பிள்ளைகளுக்கு இங்கே வயிற்றின் மேலால்தான் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஒரு லீற்றர் அளவு தண்ணீர் குடித்து, சலப்பை நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடலின் காற்று மறைத்துவிடும். அப்படி எடுத்தாலும் கருப்பைக்குப் பின்னாலுள்ள அந்தப் பள்ளத்து நோய் (பின்பள்ளத்து நோய்) பெரும்பாலும் தப்பிவிடும். எம்ஆர்ஐ அல்லது மலவாசல் வழி ஸ்கேன் செய்ய முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை.

அர்த்தம் சொல்லும் வைத்தியங்கள்

முதலாவது வகை, நோய்க்கு மனக்காரணம் ஒன்றைச் சொல்வது. பெண்மையை வெறுப்பது, தாயோடு தீராத பகை, பிள்ளை பெறப் பயம், அல்லது பிள்ளைக்காக ஏங்குவது, சொல்லாமல் விழுங்கிய கோபம் என்று அந்தப் பட்டியல் நீளும். இப்போது முகநூலிலும் யூடியூப்பிலும் தமிழில் வருவதெல்லாம் பெரும்பாலும் 1980களில் மேற்கு நாடுகளில் பரவியவற்றின் மறுபதிப்பு. அவற்றில் மிகக் கடுமையானது ஜெர்மனியின் ரைக் ஹாமர் உண்டாக்கிய "ஜெர்மன் நியூ மெடிசின்". ஒவ்வொரு நோய்க்கும் பின்னால் அதிர்ச்சி தந்த ஒரு மோதல் இருக்கிறது என்பதும், பல அறிகுறிகள் ஆறும் கட்டத்தின் அடையாளம் என்பதும் அவர் கொள்கை. அவருடைய வைத்திய அனுமதி 1986இல் பறிக்கப்பட்டது. "வலி கூடினால் பயப்படாதே, அது குணமாகிற வலி" என்று யாராவது சொன்னால் அந்தச் சிந்தனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வலி குறைந்தாலும் வெற்றி, கூடினாலும் வெற்றி என்றால் அந்த வைத்தியம் தோற்றதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

இந்த வகையில் அடிக்கடி கேட்கும் உவமை "வீடு". கருப்பை இழையம் தன் வீட்டை விட்டு வெளியே போய் வளர்கிறது, ஆகவே அந்தப் பெண் தன் வீட்டில் நிம்மதி இல்லாமல் வெளியே வீடு தேடுகிறாள் என்பார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இது அப்படியே தலைகீழாகிறது. இங்கே வீடு வளவு பெண்பிள்ளை பெயரில்தான் எழுதப்படுகிறது, கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீட்டை விட்டு வெளியேறுகிறவர் ஆண். இழையமோ இங்கும் அங்கும் ஒரே இடத்தில்தான் வளர்கிறது. அர்த்தம் ஊருக்கு ஊர் மாறுவதும் நோய் மாறாததும், அந்த அர்த்தம் சொல்பவரின் ஊரிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது.

உயிரியல் பக்கத்திலிருந்தும் சாட்சி இருக்கிறது. மாதவிடாய் வரும் பபூன் குரங்குகளுக்கும் ரீசஸ் குரங்குகளுக்கும் இந்த நோய் தானாகவே வருகிறது. புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்காக நீண்டகாலம் ஈஸ்ட்ரஜன் எடுத்த ஆண்கள் சிலரிலும் அரிதாகக் கண்டிருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் பரிசோதித்த 36 பெண் சிசுக்களில் 4இல் இந்த இழையம் இடம்மாறி இருந்தது. பிறக்காத சிசுவுக்கு மாமியாரோடு என்ன மனஸ்தாபம்? இரட்டையர் ஆய்வுகளின்படி நோய் வருவதற்கான ஏதுநிலையில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் விளக்கப்படுகிறது. தாய்க்கோ அக்காவுக்கோ இருந்தால் தங்கைக்கு வரும் சாத்தியம் கூடுகிறது என்பதுதான் ஒரு வீட்டில் விசாரிக்கவேண்டிய "குடும்ப வரலாறு".

இரண்டாவது வகை, சக்தி வழி. ரெய்கி, பிராண சிகிச்சை செய்பவர்கள் தொப்புளுக்குக் கீழுள்ள சுவாதிட்டானச் சக்கரம் அடைபட்டிருக்கிறது என்பார்கள். படைப்பும் காமமும் அங்கே உறைகின்றன, அவை மறுக்கப்பட்டதால் நோய் என்பது விளக்கம். தொடாமல் கை காட்டுவது, கண்மூடிப் படுத்திருப்பது என்று அரை மணித்தியாலம் போகும். உடலுக்கு நேரடிக் கெடுதல் குறைவு. ஓய்வு கிடைப்பதால் அன்று வலி தணியவும் கூடும். இழையத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. "21 அமர்வு" என்று முன்கூட்டிப் பணம் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது, எங்கள் ஊர்களின் சொந்தச் சொல்லாடல். நாவூறு, செய்வினை, நாகதோஷம், நேர்த்தி தவறியது. பரிகாரமாக நூல் கட்டுவது, கழிப்புக் கழிப்பது, சடங்கு நாளில் தெய்வமாடுகிறவரிடம் வாக்குக் கேட்பது, முஸ்லிம் வீடுகளில் ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும். இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை: செய்வினையும் நாவூறும் குற்றத்தை வெளியே வைக்கின்றன. பாதிக்கப்பட்ட பெண்ணை "நீயே உன் நோயை உண்டாக்கினாய்" என்று அவை சொல்வதில்லை. குடும்பம் முழுதும் அவளுக்காக நேர்ந்துகொள்கிறது, அவள் தனித்துப் போவதில்லை. நவீன "மனக்காரண" வைத்தியம் அந்த இடத்தில் கொடுமையானது, அது பாரம் முழுவதையும் அவள் தலையிலேயே இறக்குகிறது. ஆனால் செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே. அயலவரோ மச்சாளோ குற்றவாளியாகி, உறவு முறிந்து, பணமும் கரைகிறது. நாகதோஷம் பிள்ளையின்மையோடு முடிச்சுப் போடப்படுவதால், பரிகாரம் முடியும்வரை என்று ஒரு வருடம் கிளினிக் தள்ளிப்போகிறது. முப்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த ஒரு வருடம் திரும்பி வராது.

கோயிலுக்கும் பள்ளிக்கும் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. நேர்த்தியும் மருந்தும் ஒரே காலத்தில் நடக்கட்டும். விரத நாளில் மெஃபனமிக் அசிட் போன்ற வலிமாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்படும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நாலாவது, சித்தமும் யுனானியும் ஆயுர்வேதமும். இவற்றை மேலுள்ளவற்றோடு சேர்த்துக் கட்டக் கூடாது. சித்த மருத்துவம் கீழ்நோக்கிச் செல்லவேண்டிய அபான வாயு தடைப்பட்டதாகப் பார்க்கிறது. அதில் குற்றச்சாட்டு இல்லை, உணவு, மலச்சிக்கல், தூக்கம் என்று நடைமுறைக்கு வருகிறது. மலச்சிக்கலைத் தீர்ப்பது பின்பள்ளத்து நோயுள்ளவர்களுக்கு உண்மையிலேயே வலியைக் குறைக்கலாம். போகிறவரிடம் ஆயுர்வேத மருத்துவ சபைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்த, யுனானி வைத்தியர்களும் அங்கேதான் பதிய வேண்டும். பிசகுவது பற்பமும் செந்தூரமும். பாதரசம், ஈயம் கலந்தவை சிறுநீரகத்தைத் தாக்கலாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் தூளை வாங்காதீர்கள். பரியாரியாரோ மருத்துவிச்சியோ வயிறு தடவிவிடுவது பலருக்கு இதமானது, ஆனால் சூலகக் கட்டி இருக்கிறது என்று தெரிந்தபின் அழுத்தித் தடவினால் கட்டி வெடிக்கக்கூடும். மூலிகை ஆவி பிடிக்கிறோம் என்று பெண்ணுறுப்பைச் சுட்டுக்கொள்வதும் நடக்கிறது. ஆவி கருப்பைக்குள்ளேயே போகாது, வெளியே வளர்ந்த இழையத்தை எட்டுவது எப்படி?

மனம் உண்மையில் எங்கே வருகிறது

மனதுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதும் பிழை. அமெரிக்கத் தாதியரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் கடுமையான, தொடர்ச்சியான, பலவகைத் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம் லப்பரஸ்கோப்பியால் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் பார்ப்பது) உறுதியான எண்டோமெற்றியோசிஸ் 79 வீதம் அதிகமாக இருந்தது. இந்த எண்ணைத்தான் பலர் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள். நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் நோய் என்றால், 79 வீதம் கூடினால் ஏறக்குறைய பதினெட்டுப் பேர். மிச்சம் 82 பேர் அதே துன்பத்தைப் பட்டும் நோய் வராதவர்கள். நோய் வந்தவர்களிலும் பலருக்கு அப்படியொரு கடந்தகாலமே இல்லை. ஆகவே "உனக்குச் சின்ன வயசில ஏதோ நடந்திருக்கு, நினைச்சுப் பார்" என்று தோண்டுவதற்கு அந்த ஆய்வு அனுமதி தரவில்லை. இல்லாத ஞாபகத்தை ஊட்டிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

மனம் பெரிதாக வேலைசெய்வது வலியில். மாதாமாதம் வருடக்கணக்காக வலி வந்துகொண்டிருந்தால் முள்ளந்தண்டும் மூளையும் அந்தச் செய்திக்குப் பழகி, சின்னத் தொடுகையையும் வலியாகப் பெருப்பிக்கத் தொடங்குகின்றன. இடுப்புத் தசைகள் பயத்தில் எந்நேரமும் இறுகியிருக்கும். நித்திரையில்லாமை இன்னும் பெருப்பிக்கும். இந்த நிலையில் ஒப்பரேஷனால் இழையத்தை முழுதாக எடுத்தாலும் வலி மிஞ்சும். பயத்தையும் இறுக்கத்தையும் தணிப்பது இங்கே நேரடி வைத்தியம்.

அதற்கு "ஏன் வந்தது" என்ற கதை தேவையில்லை. பிரேசிலில் 40 பெண்களோடு நடந்த சிறிய ஆய்வில், எட்டுக் கிழமை, கிழமைக்கு இரண்டு முறை ஹத யோகா செய்தவர்களுக்கு அன்றாட இடுப்பு வலி குறைந்தது. ஜெர்மனியில் 67 பெண்களுக்கு உளச்சிகிச்சையோடு அக்குபங்சர் புள்ளித் தூண்டலும் சேர்த்துக் கொடுத்து 2016இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் வலி இறங்கியது. சின்ன ஆய்வுகள்தான், ஆனாலும் வழி தெரிகிறது. இரண்டும் கட்டியைக் கரைத்ததாகச் சொல்லவில்லை.

வீட்டில் தொடங்கக்கூடியது இது: மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, நாலு எண்ணும்வரை மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் சலம் கழிக்கும்போது தளர்த்துவதுபோல அடித்தளத் தசையைத் தளர்த்த வேண்டும். தினமும் பத்து நிமிஷம், வலியில்லாத நாளிலும். இறுக்கும் பயிற்சியை இந்த நோய்க்குச் செய்யாதீர்கள், ஏற்கனவே இறுகிய தசை இன்னும் இறுகும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம் வைக்கலாம். அதற்கு மேல் மணிக்கணக்காக வைத்தால் தோலில் வலைபோன்ற மண்ணிறத் தழும்பு படியும்.

துக்கத்தைக் கதைக்க ஆள் வேண்டுமென்றால் அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். வீட்டில் வன்முறை நடக்கிறது என்றால் வைத்தியசாலையின் "நட்பு நிலையம்" அதற்கென்றே உள்ள இடம். அர்த்தம் சொல்லும் வைத்தியரிடம் இல்லாத ஒன்று இங்கே உண்டு, இரகசியம் காக்கும் கடமை. சிறிய ஊரில் இது சின்ன விஷயமில்லை. கணவனையும் மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு "சொல்லு, யார்ல கோபம்" என்று கேட்பவரிடம் வாய் திறந்தால், அந்தச் சொல் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கப் போய்விடும்.

கிளினிக் தருவதும் தராததும்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும், கல்முனை, களுவாஞ்சிக்குடி போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் விஓஜி (பெண்நோய், மகப்பேற்று விசேட வைத்தியர்) கிளினிக் இலவசம். முதல் படி பெரும்பாலும் மெஃபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பின். பலர் செய்யும் பிழை, வலி உச்சிக்குப் போனபின் போடுவது. அழற்சிப் பொருள் சுரக்கும் முன் தடுத்தால்தான் வேலை செய்யும், ஆகவே மாதவிடாய்க்கு முதல் நாளோ முதல் அறிகுறியோடோ தொடங்கி இரண்டு மூன்று நாள் தொடர வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அடுத்தது ஹோர்மோன்: இடைவெளியில்லாமல் எடுக்கும் கருத்தடை மாத்திரை, நோரெதிஸ்டரோன், டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், மூன்று மாத ஊசி, கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப். டயனோஜெஸ்ட் தொடங்கிய முதல் மூன்று மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிவு வரும். அதைப் பார்த்துவிட்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மனச்சோர்வும் வரலாம். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். "அடக்கிவைத்த உணர்ச்சி மேலே வருகிறது" என்ற விளக்கத்துக்குள் விழுந்துவிடாதீர்கள்.

இந்த மருந்துகளில் மாதவிடாய் நின்றுபோவதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய பயம். "கெட்ட ரத்தம் வெளிய போகாட்டி உள்ள தேங்கும் புள்ள" என்று அம்மம்மா தொடக்கம் அயலவர் வரை சொல்வார்கள். அர்த்தம் சொல்லும் வைத்தியர் அதை இன்னும் அழகாக, "பெண்மையின் ஓட்டத்தை மருந்து அடைக்கிறது" என்பார். உள்ளே நடப்பது வேறு. இந்த மருந்தில் கருப்பையின் உட்சுவர் தடிப்பதேயில்லை, உரிவதற்கு எதுவும் இல்லாததால் இரத்தம் வருவதில்லை. தேங்குவதற்கு ஒன்றும் உண்டாகவில்லை. வெளியே ஒட்டிய இழையமும் அதேபோல அடங்கிக் கிடக்கிறது. கோயில் சடங்கு வருகிறது, ஹஜ்ஜுக்குப் போகவேண்டும், வீட்டில் கலியாணம் என்றால் துடக்கைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை வாங்கிக் குடிப்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். அந்த நோரெதிஸ்டரோன்தான் இந்த நோய்க்கும் கொடுக்கப்படுகிறது. பத்து நாளைக்கு அம்மனுக்காக எடுத்தால் தேங்காத இரத்தம், வலிக்காக எடுத்தால் மட்டும் ஏன் தேங்கும்? இருந்தாலும் பாமசியில் நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். இரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னலோடு தலையிடி வருகிறவர்கள் டொக்டரிடம் சொல்லியே எடுக்க வேண்டும்.

கிளினிக்கும் எல்லாவற்றையும் தந்துவிடாது. ஹோர்மோன் நோயை அடக்கும், வேரோடு எடுக்காது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். ஒப்பரேஷனுக்குப் பிறகும் மருந்தில்லாமல் விட்டால் இரண்டு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கும், ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் மீள வருகிறது. சூலகக் கட்டியை எடுக்கும்போது நல்ல முட்டைகளும் சேர்ந்து போகலாம், ஆகவே பிள்ளைக்கு முயற்சிப்பவர் ஏஎம்எச் அளவை (சூலகத்தில் மிச்சமுள்ள முட்டைகளைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முதலே பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. "கலியாணம் கட்டினா செரியாப்போகும், பிள்ளை பெத்தா செரியாப்போகும்" என்ற வார்த்தை வெள்ளைக்கோட்டிலிருந்து வந்தாலும் அதுவும் ஒரு குறியீட்டு விளக்கம்தான்: வெறுமனே இருக்கும் கருப்பை கோபிக்கிறது என்பதன் மறுவடிவம். நோயைக் குணப்படுத்துவதற்காகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று அதே 2022 வழிகாட்டி சொல்கிறது.

யாருக்கு எது

பாடசாலைப் பிள்ளை, மாதம் தவறாமல் லீவு எடுக்கிறாள், வலிமாத்திரை மூன்று சுழற்சிக்கும் போதவில்லை. இவளுக்கு மனக்காரணம் தேடுவதை அடியோடு தவிர்ப்போம். பதினாறு வயதில் "நீ பெண்ணாய்ப் பிறந்ததை வெறுக்கிறாய்" என்று கேட்ட சொல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். கிளினிக், மூச்சுப் பயிற்சி, நித்திரை. அம்மா கூடப் போகட்டும்.

பிள்ளைக்கு முயற்சிக்கிற தம்பதி: ஹோர்மோன் மருந்து கருவைத் தடுக்கும் என்பதால் இவர்களுக்கு ஒத்துவராது, அதனாலேயே மாற்று வழிகளுக்கு அதிகம் ஓடுகிறார்கள். 35க்குக் கீழ் என்றால் ஒரு வருடம், மேலென்றால் ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் விஓஜியைப் பார்ப்பது பொது விதி. எண்டோமெற்றியோசிஸ் என்று தெரிந்தவர்கள் அந்தக் காலக்கெடுவுக்கும் காத்திருக்க வேண்டாம். கணவரின் விந்துப் பரிசோதனையும் அதே கிழமையில் நடக்கட்டும்.

ஒப்பரேஷன் முடிந்தும் வலி போகாதவர்: உளச்சிகிச்சை, பிசியோதெரபி, யோகா இவருக்கு முதல் வரிசை. துக்கம் உண்மையாகவே இருக்கிறவருக்கும் அப்படியே. துக்கம் நோயை உண்டாக்கியது என்று ஒப்புக்கொள்ளாமலே துக்கத்துக்கு உதவி கேட்கலாம்.

அர்த்தம் சொல்பவரிடம்தான் போவேன் என்று மனம் நிற்கிறது என்றால், முதல் நாளே மூன்றைக் கேளுங்கள். நான் எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா? எத்தனை மாதத்தில் என்ன மாறவேண்டும், மாறாவிட்டால் என்ன சொல்வீர்கள்? மொத்தம் எவ்வளவு காசு? முதலாவதுக்கு "ஓம்" என்றாலோ, இரண்டாவதுக்கு "நீ முழுசா நம்பாததால சரிவரல" என்ற வாடை அடித்தாலோ அங்கே இருக்காதீர்கள். மிக மோசமான மாதத்தில்தான் எவரும் புது வைத்தியரைத் தேடுவோம், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். ஒரு மாத நிம்மதியை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை: திடீரென வெட்டும் வலியோடு வாந்தி அல்லது மயக்கம், காய்ச்சல், மாதவிடாய் தள்ளிப்போய் வலி. இவற்றுக்கு 1990 அம்புலன்ஸ். மாதவிடாயோடு சலத்திலோ மலத்திலோ இரத்தம் வந்தாலும், விலாப்பக்கம் வலித்தாலும் அந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். சிறுநீர்க்குழாயை இந்த இழையம் நெரிக்கும்போது சிலருக்கு வலியே இராது, சிறுநீரகம் சத்தமில்லாமல் போய்விடும். ஆழமான நோய் என்று எழுதப்பட்டவர்கள் சிறுநீரக ஸ்கேனையும் கேட்டு வாங்க வேண்டும். ஆறும் வலி என்ற கொள்கை ஆளைக் கொல்வது இந்த இடத்தில்.

எந்த வழியைத் தெரிந்தாலும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். பக்கத்தை ஏழாகக் கோடு போடுங்கள்: திகதி, வலி 0 முதல் 10, எத்தனை பாட் மாற்றியது, மலம் சலம் போகும்போது வலித்ததா, உறவின்போது வலித்ததா, குடித்த மாத்திரை, அன்று மனதில் என்ன. ஏழாவது கோட்டை இரவில் எழுதுங்கள், வலி எண்ணைப் பார்க்காமல். மூன்று சுழற்சி முடிந்ததும் வலி உச்சம் சென்ற நாட்களைச் சிவப்புப் பேனையால் வளையமிடுங்கள். வளையங்கள் மாதவிடாய்த் திகதிகளைச் சுற்றிக் கூடுகின்றனவா, சண்டை நடந்த நாட்களைச் சுற்றிக் கூடுகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். பலருக்கு இரண்டும் தெரியும்: உச்சம் சுழற்சியோடும், நடு நாட்களின் ஏற்றம் நித்திரையில்லாத இரவுகளோடும். முதலாவதுக்கு விஓஜி, இரண்டாவதுக்கு மனநலப் பிரிவு. கிளினிக் நாளில் அந்த மூன்று பக்கத்தையும் மேசையில் விரித்து வையுங்கள். டொக்டருக்கு இருக்கும் ஐந்து நிமிஷத்தில் வாயால் சொல்லி முடியாததை அவர் ஒரு நிமிஷத்தில் வாசித்துவிடுவார்.